ஒருத்தன் இறங்கினால்தான் ஒருத்தன் ஏறலாம்

சவூதியில் ஒரு அரபி எனக்கென்று ஒரு விசாவை எடுத்து வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார். நான்தான் நம்ம கடலை விட்டு வர மனசில்லை என்று சொல்லிவிட்டேன்.

சரி, பொய். நான் ஒருத்தன் இந்தப் பூமியில் இருப்பதே அந்த அரபிக்குத் தெரியாது. காத்திருந்தது நான். கடலை விட மனசில்லை என்பதும் பொய். பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்றே என் வலையைத் தூக்கி அடுத்த வீட்டுக்காரனுக்குக் கொடுத்துவிட்டேன். பிறகு போய் அசடு வழிய நின்று திரும்ப வாங்கி வந்தேன்.

எல்லாம் என் கூட்டாளியால் வந்தது. நானும் அவனும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்கு இறங்கியவர்கள். ஒரே பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவர்கள். அவன் எட்டாம் வகுப்பு வரை தாக்குப்பிடித்தான். எனக்கு மூன்றாம் வகுப்பே அதிகம் என்று வாத்தியாருக்கும் எனக்கும் ஒருசேரத் தோன்றிவிட்டது. சுனாமி கழிந்த மறு வருஷம் அவன் சவூதிக்கு மீன்பிடிக்கப் போனான்.

முதல் லீவுக்குத் திருவனந்தபுரத்திலிருந்து காரில் வந்து இறங்கினான். காருக்கு மேலே கயிறு சுற்றிய அட்டைப்பெட்டிகள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே அந்தக் கயிற்றின் மேல் எனக்குப் பொறாமை வந்துவிட்டது. அவ்வளவு நல்ல கயிறு எங்கள் வள்ளத்தில்கூடக் கிடையாது. அன்று குடியிருப்பு முழுக்க அத்தர் வாசம். அவனும் கடலில் மீன்தான் பிடிக்கிறான், நானும் மீன்தான் பிடிக்கிறேன். அவன்மேல் அத்தர் மணக்கிறது, என்மேல் கவிச்சி வீசுகிறது.

“பாத்தியளா, அவிய எப்படி மினுமினுன்னு வந்திருக்காவ,” என்றாள் என் பெண்டாட்டி.

“வெயில்ல கருவாடா காஞ்சு போயி வந்திருக்கான் பிள்ளே.”

“காஞ்சாலும் அது கல்ஃப் வெயிலுல்லா!”

எனக்கு ஒரு டார்ச் லைட் தந்தான். நன்றி சொன்னேன். வீட்டுக்கு வந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மற்றவர்களுக்குக் கொடுத்தது இதைவிடப் பெரிய டார்ச்சாக இருக்குமோ என்ற ஒரே கவலைதான்.

ரெண்டு நாள் பொறுத்துவிட்டுக் கடற்கரையில் அவனைப் பிடித்தேன்.

“மக்கா, எனக்கும் ஒரு விசா பாருல.”

“விசா என்ன சாள மீனா, கூறு வச்சு விக்கதுக்கு? ஒரு லாஞ்சுக்கு இத்தன பேரு வேணும்னு கஃபீலு அங்கத்த கவர்மெண்டுல கேட்டு வாங்கணும். அவ்வளவு விசாதான் குடுப்பாவ. எங்க லாஞ்சுல ஆளு நெறஞ்சாச்சு.”

“கஃபீலுன்னா, மொதலாளியா?”

“மொதலாளிதான். ஆனா அதுக்கும் மேல. கோயில்ல பிள்ளைக்கு ஞானஸ்நான முழுக்குக் குடுக்கப்ப ஞானத்தவப்பன் நிக்காருல்லா, அது மாதிரின்னு வச்சுக்க. இவன் எனக்க ஆளு, எனக்க லாஞ்சுல மீன் பிடிக்க வாறான், இவனுக்கு நான் பொறுப்புன்னு அவரு கையெழுத்துப் போடணும். அப்பதான் விசா. நம்ம அடையாளக் கார்டுல அவரு பேரும் உண்டு. அவர விட்டுட்டு வேற எடத்துல வேலைக்குக் கேற முடியாது. அவரு ஒத்துக்கிடாம ஊருக்கும் வர முடியாது.”

எனக்கும் ஒரு ஞானத்தகப்பன் இருந்தார். முழுக்கு அன்று ஒரு சட்டை எடுத்துத் தந்தார். அதோடு சரி. பிறகு என்னைத் தூரத்தில் கண்டாலே வேறு சந்துக்குள் திரும்பிவிடுவார். இவனுக்குப் பார், அரபி ஞானத்தகப்பன், அதுவும் லாஞ்சோடு!

“அப்ப அவரு இன்னொரு ஆள எப்ப எடுப்பாரு?”

“எங்கள்ல ஒருத்தன் எக்ஸிட் அடிச்சு ஒரேயடியா ஊருக்கு வரணும். ஒருத்தன் எறங்குனாத்தான் ஒருத்தன் கேற முடியும். எறங்குகவன் தனக்குப் பதிலா ஆள் காட்டிக் குடுக்கணும். இல்லன்னா எங்க கஃபீலு விடமாட்டாரு. ஆளு கொறஞ்சா லாஞ்சு கரையில கெடக்குமே.”

“நீ எப்பல எறங்குவ?”

“கல்யாணம் களிஞ்சா பின்ன நான் எதுக்கு அங்ஙன போறேன்? இஞ்சயே ஒரு வள்ளம் எடுத்துருவேன். பெண்ணு கிடைக்கணுமே மக்கா.”

என் மண்டைக்குள் கலங்கரை விளக்கமே எரிந்தது. இவனுக்குப் பெண் கிடைத்தால் எனக்கு விசா கிடைக்கும்!

முதல் வேலையாகப் பாஸ்போர்ட் எடுத்தேன். அதில் எனக்கு ஒரு சீல் கூடுதலாகப் போட்டிருந்தார்கள். மற்றவர்களுக்கு இல்லாத சீல் என்று தெரு முழுக்கக் காட்டினேன். பத்தாம் வகுப்பு பாஸாகாதவனுக்குப் போடும் சீல் அது என்று பிறகுதான் ஒருத்தர் சொன்னார். இந்தச் சீல் உள்ளவனை வேலைக்குக் கூப்பிட்டால், என்ன வேலை, என்ன சம்பளம் என்று எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை முதலாளி அங்குள்ள நம்ம எம்பசியில் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் நம்ம கவர்மெண்டு ஆளை விடும். காட்டிய வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போய் விளக்கமா சொல்ல முடியும்? விட்டுவிட்டேன். அவன் லீவு முடிந்து போகும்போது பாஸ்போர்ட் நகலை அவன் பெட்டியில் நானே வைத்தேன்.

பிறகு பெண் தேட இறங்கினேன். ரேஷன் கடைக்குப் போகச் சொன்னால் முட்டு வலிக்கிறது என்று படுத்துக்கொள்பவன், வடசேரியில் பஸ் மாறி மாறிக் கரை கரையாக அலைந்தேன்.

“இஞ்ச பாருங்க, நீங்க அடுத்தவனுக்கு நல்லது செய்து நான் கண்டதே இல்லியே. ஒடம்புக்கு ஒண்ணுமில்லியே?” என்றாள் பெண்டாட்டி.

கடைசியில் கிழக்கே ஒரு கரையில் பெண் அமைந்தது. அவன் சவூதியில் இருந்ததால் பேச்சு முழுக்க என் வாயில்தான் நடந்தது. நான் புகழ்ந்த புகழ்ச்சியில் எனக்கே அவன்மேல் மதிப்பு வந்து, அதனால் இன்னும் கொஞ்சம் பொறாமையும் வந்தது. எங்கள் ஊர் உபதேசியாரும் உடன் வந்திருந்தார். கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுப்பவர் அவர். அவர் முன்னால் சொன்ன சொல்லை எங்கள் கரையில் யாரும் மாற்றிச் சொல்வதில்லை.

எல்லாம் முடிந்து எழும்பும் நேரத்தில் பெண்ணின் தகப்பன் தொண்டையைச் செருமினார். மூலையில் அவருடைய மகன் உட்கார்ந்து மிக்சர் தின்றுகொண்டிருந்தான்.

“நமக்குப் பெருசா ஒண்ணும் கேக்கதுக்கு இல்ல. இந்தப் பயலுக்கும் கல்ஃபுல ஒரு வழி பண்ணிக் குடுத்தா...”

எனக்கோ அவசரம். இந்த இடமும் தவறினால் அடுத்த கரைக்கு அலைய வேண்டும்.

“பின்னே! மச்சான மாப்பிள கைவிடுவானா? அது நான் பொறுப்பு!”

கல்யாண வீட்டில் ஆளுக்கு ஆள் சொல்கிற வார்த்தைதானே அது. சாப்பிட்டுப் போங்கள் என்பது மாதிரி. உபதேசியார் தலையாட்டினார். பெண்ணின் தகப்பன் என் கையைப் பிடித்தார். நான் மிக்சர் எடுத்துத் தின்றேன்.

கொஞ்ச நாளில் கூட்டாளி ஃபோனில் கூப்பிட்டான். பதில் ஆளைச் சொல்லிவிட்டதாகவும், கஃபீல் பேப்பரை நகர்த்திவிட்டதாகவும் சொன்னான். யார் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்பானேன்? நான் வடசேரியில் சக்கரம் வைத்த பை ஒன்று வாங்கி வந்து, அதை வீட்டுக்குள் இழுத்து இழுத்துப் பழகினேன்.

அவன் எக்ஸிட்டில் ஊர் வந்து சேர்ந்தான். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை உண்டா என்று கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். மூன்றாம் ஓலை வாசித்து முடிந்ததும் வெளியே வேப்பமரத்தடியில் அவனைக் கேட்டேன்.

“விசா வந்தாச்சால?”

“வந்தாச்சு மக்கா. கல்யாணம் களிஞ்ச மறுவாரம் மச்சான் கேறுகான்.”

“எந்த மச்சான்?”

“எனக்கு எத்தன மச்சான் இருக்கு? பெண்ணுக்க அண்ணந்தான்.”

“ஏலே! பெண்ணு பாத்தது நான். பஸ்ஸுல அலஞ்சது நான்!”

“வாக்குக் குடுத்ததும் நீதானல! உபதேசியார் முன்னால, நான் பொறுப்புன்னு!”

“அது சும்மா சபைக்குச் சொன்ன சொல்லுல!”

“அந்தச் சொல்லுலதான் அவிய பெண்ணே தந்தாவ. இனி மாத்துனா கல்யாணம் நிக்கும். நிறுத்தட்டா?” என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “பின்ன, ஒனக்க பாஸ்போர்ட்டுல அந்தச் சீலு வேற. கஃபீலு எம்பசிக்கு நடக்கணும். அவரு மடி புடிச்ச சோம்பேறி. மச்சான் பத்து பாஸு.”

மிக்சர் தின்ற பயல் பத்து பாஸ்! அன்றைக்குத்தான் பள்ளிக்கூடத்தின் மேலேயும் எனக்குப் பொறாமை வந்தது.

கல்யாணத்தில் எனக்குப் பெரிய மரியாதை. முன் வரிசை நாற்காலி, இரண்டு தடவை பாயசம். கல்யாண சிடியில் பார்த்தால், எல்லாரும் மணமக்களைப் பார்த்துக்கொண்டிருக்க நான் ஒருத்தன் மட்டும் மச்சானையே முறைத்துக்கொண்டிருப்பேன். அவன் விமானம் ஏறப் போனபோது கையில் சக்கரம் வைத்த பை. என் பைதான்.

“சும்மாதான கெடந்துது, அதான் எடுத்துக் குடுத்தேன்,” என்றாள் பெண்டாட்டி.

கூட்டாளி சொன்னபடியே ஃபைபர் வள்ளம் வாங்கினான். அதில் எனக்கும் ஓர் இடம் கொடுத்தான். இப்போது அவன்தான் எனக்குக் கஃபீல். பாஸ்போர்ட்டைக்கூடக் கேட்கவில்லை.

மச்சான் போன வாரம் லீவுக்கு வந்திருக்கிறான். காருக்கு மேலே பெட்டி, பெட்டிக்கு மேலே அதே கயிறு. எனக்கும் அதே பொறாமை. ஆனால் பயல் இன்னும் கல்யாணம் ஆகாதவன். கல்யாணம் ஆனால் இறங்கிவிடுவானாம். நான் விடுவேனா? மறுபடியும் பஸ் ஏறிவிட்டேன். இந்தத் தடவை கவனமாக, ஆண்பிள்ளையே இல்லாத வீடாகத் தேடினேன். மேற்கே ஒரு கரையில் கிடைத்தது. நாலும் பெண். அக்கம்பக்கத்தில் விசாரித்தேன், மகன் கிடையவே கிடையாது. உபதேசியாரைக் கூப்பிடாமல் போனேன். வாயைத் திறப்பதில்லை என்ற முடிவோடு போய் உட்கார்ந்தேன். தேயிலைத் தண்ணி வந்தது. மிக்சர் வந்தது, தொடவில்லை. அப்போது உள்ளே கதவுக்குப் பின்னால் நின்ற ஒருத்தன், மூத்த மருமகனாம், மெதுவாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு பாஸ்போர்ட் நகலை—

“ஏலே! அங்ஙன இருந்து என்ன கத விடுக? எனக்க வள்ளம் தள்ளணும், வாறியா இல்ல ஒனக்க எடத்துல வேற ஆளக் கேத்தட்டா?”

“வாறேன்ல! ஒருத்தனையும் கேத்தாத, இந்தா வந்துட்டேன்!”