இரட்டைக் குரல்காரரோடு ஒரு ஜோடிப் பாட்டு

என் கணவருக்கு ஜோடிப் பாட்டுப் பாட இன்னொரு ஆள் தேவையில்லை. பகலில் அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். திருவிழாக் காலத்தில் மெல்லிசைக் குழுவில் இரட்டைக் குரல் பாடகர். ஆண் வரியைப் பாடி முடித்ததும் மைக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு பெண் வரியையும் அவரே பாடுவார். அந்தக் குரல் கிளம்பியதும் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் முந்தானையால் வாயை மூடிச் சிரிப்பார்கள். அடுத்த வரிக்குள் சிரிப்பு நின்றுவிடும். அவ்வளவு நன்றாக இருக்கும்.

நானும் பாடகிதான், ஆனால் ஆப்பரா என்ற மேல்நாட்டு இசை நாடகத்தில். மாதா கோயில் பாடகர் குழுவில் ஆரம்பித்து, சென்னையில் படித்து, சில வருடங்கள் வெளிநாட்டு மேடைகளில் பாடிவிட்டுத் திரும்பி வந்தவள். மைக் இல்லாமலே பெரிய அரங்கத்தின் கடைசி நாற்காலி வரைக்கும் கேட்கும் என் குரல். எங்கள் தெருவில் அதற்கு மரியாதை வேறு மாதிரி. காலையில் நான் சாதகம் பண்ண ஆரம்பித்தால் எதிர்வீட்டு அக்கா ஜன்னலைச் சாத்துவார். "தப்பா நெனைக்காத தாயி, புள்ள தூங்குது" என்பார். அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போகிறான்.

நம் ஊர்க்காரர்கள் ஒரு தடவையாவது ஜன்னலைத் திறந்து வைத்து என்னைக் கேட்க வேண்டும் என்ற ரோஷத்தில்தான் பழைய சினிமாப் பாட்டுகளைப் பாடி ஒரு ஆல்பம் போட நினைத்தேன். பாதி தனிப்பாட்டு, பாதி ஜோடிப் பாட்டு. யாரோடு பாடுவது என்று யோசித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் என் கணவர் கழுத்தில் கட்டி இருப்பது தெரிந்தது.

"பயப்படுற மாதிரி கட்டி இல்ல. ஆனா எடுத்துரணும்" என்றார் மதுரை டாக்டர்.

"இவர் பாடுறவர் டாக்டர்" என்றேன்.

"பேச்சுக்கு ஒன்னும் ஆகாது. மேல ஏறுற குரலுக்கான நரம்பு பக்கத்துலயே போகுது, அதுதான் சொல்ல முடியல. திரும்பி வரலாம், வராமயும் போகலாம்."

பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினோம். கொடைரோடு தாண்டியதும், "வெள்ளரிப் பிஞ்சு வாங்கவா?" என்று கேட்டார். எனக்கு அழுகை முட்டியது. அதை மறைக்க, "ஒன்னும் வேணாம்" என்று எரிந்து விழுந்தேன். அவர் வாங்கி மடியில் வைத்தார். உப்பு மிளகாய்ப்பொடியோடு முழுவதையும் நானே தின்றேன். தின்றுகொண்டே முடிவு செய்தேன். என் ஜோடி இவர்தான். ஆபரேஷனுக்கு முன்னால் இந்தக் குரலைப் பதிந்து வைத்துவிட வேண்டும்.

நாகல் நகரில் ஒரு மாடி அறைதான் ஸ்டூடியோ. அதை நடத்துபவர் முன்பு இவருடைய குழுவில் கீபோர்டு வாசித்தவர். இவரை அண்ணே என்பார், என்னை மதினி என்பார். சத்தம் மைக்கில் ஏறும் என்று பதிவு நேரத்தில் ஏசியை அணைத்துவிடுவார். மூவரும் வேர்த்து வழிந்தோம்.

"இப்பல்லாம் ஜோடிப் பாட்டுன்னா ஆளுக்கொரு நாள் வந்து தனித்தனியாப் பாடிட்டுப் போயிருவாங்க மதினி. நான் சேத்துக்கிருவேன்" என்றார்.

"மூஞ்சியப் பாத்துப் பாடுனாத்தான் அது ஜோடிப் பாட்டு" என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

முதல் சிக்கல் நான். மைக் என் குரலைத் தாங்கவில்லை. "ஒரு எட்டு பின்னால போங்க மதினி" என்று சொல்லிச் சொல்லி என்னைக் கதவோடு ஒட்ட வைத்துவிட்டார். என் கணவரோ மைக்கைக் கடித்துவிடுவது போல் நின்றார். "இன்னும் போகச் சொன்னா ஆட்டோ ஸ்டாண்டுல நின்னுதான் பாடணும்" என்றேன். அவர்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

அடுத்த சிக்கல் அவர். வீட்டுக்குத் தாமதமாக வரும் ஒருவனை அவள் கோபித்துக்கொள்வாள், அவன் சமாதானம் சொல்வான், இதுதான் பாட்டு. அவன் வரியை அவர் பாடினார். என் வரிக்கு நான் மூச்சை இழுப்பதற்குள் அதையும் பாட ஆரம்பித்துவிட்டார், பெண் குரலில். இத்தனை வருடப் பழக்கம். "வாய் தானாப் போகுதும்மா" என்று அசடு வழிந்தார். மறுபடியும் அதே. பிறகு வாயைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார். பொத்துவதிலேயே கவனம் இருந்ததால் அவன் சொல்லும் சமாதானம் வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பது போல் வந்தது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "வீட்டுல நான் பேசுறப்ப வாயே தொறக்க மாட்டீங்க. இங்க மட்டும் என்ன?"

அவர் சிரித்தார். "அவ வரிதாம்மா எனக்கு நல்லா வரும். அவன் வரி அவளுக்கு எடம் விடுறதுக்காகப் பாடுறது" என்றார். பிறகு மெதுவாக, "இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போகக்கூடியது மேலே ஏறும் பெண் குரல்தான் என்று டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். யாரும் தொடப்போகாத கீழ்க்குரலைப் பதிவு செய்ய இவரைக் கூட்டி வந்துவிட்டு, அந்த மேல் குரல் வரும்போதெல்லாம் வாயை மூடச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"மாத்திக்குவோம். நீங்க அவ, நான் அவன்" என்றேன்.

"ஆம்பளப் பாட்டையா மதினி?" என்றார் கீபோர்டுக்காரர்.

"வெளிநாட்டுல கால்சட்டை மாட்டி, வாளக் கட்டி, ஆம்பள வேசத்துலதான் பாதி நாள் நின்னேன்." பொய்யில்லை. பெண்களில் கொஞ்சம் தாழ்ந்த குரல் என்னுடையது. ஆப்பராவில் இளம் ஆண் வேடங்கள் பலவற்றை எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தருவார்கள்.

என் கணவர் வெட்கப்பட்டார். எதிரே சிரிப்பதற்குக் கூட்டம் இல்லாமல் அந்தக் குரலில் அவர் ஒரு பாட்டை முழுசாகப் பாடுவது அதுதான் முதல் தடவை. கதவோரத்திலிருந்து நான் சமாதானம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துக் கோபித்துக்கொண்டார். கெஞ்சக் கெஞ்ச என் குரல் தானாகச் சிறுத்தது. இத்தனை சின்னதாகப் பாட எனக்கு வரும் என்று எந்த ஆசிரியரும் சொன்னதில்லை. கடைசிச் சரணத்தில், நீ வராமலே போயிருந்தால் என்று அவள் கேட்கும் இடத்தில் பாட்டு உச்சிக்கு ஏறும். அவர் ஏறினார். அங்கேயே நின்றார். இந்த மனிதர்மேல் எனக்கு இருக்கும் ஆசையில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். என் வரியைத் தாமதமாகத்தான் எடுத்தேன். ஆல்பத்தில் அதை அப்படியே விட்டிருக்கிறோம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பேச்சு வந்துவிட்டது. மேல் குரல் இன்னும் வரவில்லை. குளியலறையில் முயன்று பார்க்கிறார், என் காலடி கேட்டால் நிறுத்திவிடுகிறார். குழுவில் இப்போது பெண் வரிகளுக்கு வத்தலக்குண்டுப் பெண் ஒருத்தி வருகிறாள். நன்றாகப் பாடுகிறாள் என்று சாப்பிடும்போது அவரே சொல்வார்.

வீட்டில் ஆல்பம் ஓடும்போது அந்தக் கோபித்துக்கொள்ளும் பாட்டு வந்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார். போன மாதம் கொய்யா வாங்க ஆயக்குடிக்குப் போனோம். நான் கார் ஓட்டினேன். ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டு வந்தது, காருக்குள் எழுந்து போக இடமில்லை. பதிவில் இருந்த அவருடைய பெண் குரலில் அவள் கோபித்துக்கொண்டாள். அவன் வரி வந்தபோது, பதிவில் இருந்த என் குரலோடு சேர்ந்து, தன் சொந்தக் குரலில் அவர் பாடினார். அவள் பாடும்போது நிறுத்தினார், தலையைச் சாய்த்து முழுவதும் கேட்டார், பிறகு மறுபடியும் சமாதானம் சொன்னார். வருகைப்பதிவு மாதிரி இல்லை. உண்மையாகவே கெஞ்சினார்.

அவரும் அவளும் பாடி முடிக்கட்டும் என்று நான் வண்டியை மெதுவாக ஓட்டினேன்.