கெடார் கிணற்றில் இறங்கிய ஹமீது பாயின் மகள்

ஹமீது பாய் தன் எட்டு வயது மகளுக்குப் பிணம் எடுக்கும் வேலையைப் பழக்குகிறாராம். கெடார் கிணற்றில் கிடந்த பிணத்தை முதலில் தொட்டதே அந்தப் பெண்தானாம். கூட்டேரிப்பட்டு டீக்கடையில் இதைச் சொன்னவர் பிணத்தின் சட்டை நிறம் வரைக்கும் சொன்னார். விழுப்புரம் பஸ்ஸில் நான் கேட்டபோது பிணம் இரண்டாகியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டால் பிணம் எழுந்து வந்து ரேஷன் வாங்கிக்கொண்டு போகும். அன்றைக்கு நான் அந்தக் கிணற்றுப் படியில் நின்றிருந்தேன். என் டாட்டா ஏஸ் வண்டியில்தான் அவர்கள் வந்தார்கள். நடந்ததைச் சொல்கிறேன். அதில் சிரிக்க அதிகம் இல்லை.

பாய் கோட்டக்குப்பத்துக்காரர். வளைகுடா நாட்டில் கப்பலுக்கு அடியில் இறங்கிப் பாசி சுரண்டும் வேலை. முதுகில் காற்று சிலிண்டர், வாயில் குழாய், தண்ணீருக்குள்ளேயே பாதி நாள். அவர் அங்கே இருந்தபோது இங்கே திண்டிவனம் பக்கத்து ஏரியில், மண் அள்ளிய பள்ளத்தில் அவர் மகன் அயான் மூழ்கிப் போய்விட்டான். தங்கை முஹ்சினா கரையில் நின்று பார்த்தாள். பாய் வந்து சேர்வதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் திரும்பிப் போகவில்லை. திண்டிவனத்தில் மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் கடை போட்டார். எந்த வீட்டுப் பிள்ளை கிணற்றிலோ ஏரியிலோ போனாலும், கூப்பிட்டால் சிலிண்டரோடு போய் எடுத்துக் கொடுத்துவிட்டு வருவார். அங்கே டீ கூடக் குடிக்க மாட்டார். அதனால் அவர் சிலிண்டரோடு ஒரு தெருவில் நடந்தால் போதும், அந்தத் தெரு ஜனங்கள் வீட்டுக்குள் ஓடித் தங்கள் பிள்ளைகளை எண்ணுவார்கள்.

வீட்டில் முஹ்சினா தலைக்குத் தண்ணீர் ஊற்ற விடுவதில்லை. அவள் அம்மா பரக்கத் நிஷா ஈரத்துணியால் துடைத்துவிடுவாள், அவ்வளவுதான். ஒரு நாள் அந்தப் பெண் அப்பாவின் சிலிண்டரைத் தட்டிப் பார்த்துக் கேட்டிருக்கிறாள்.

“அத்தா, அண்ணன்கிட்ட இது இருந்திருந்தா?”

“இருந்திருப்பான்.”

“எனக்கு வச்சா நானும் இருப்பேனா?”

அன்றைக்கே பாய் இடம் தேட ஆரம்பித்துவிட்டார். தண்ணீருக்குள்ளும் மூச்சுவிடலாம் என்று அவள் ஒரு முறை பார்த்துவிட்டால் பயம் தெளிந்துவிடும் என்பது அவர் கணக்கு. “ஒண்ணக் குடுத்தது போதாதா?” என்று பரக்கத் நிஷா இரண்டு நாள் பேசவில்லை.

இடம் கிடைப்பது லேசில்லை. நின்றால் அவள் தலை மேலே இருக்க வேண்டும். இறங்கப் படி வேண்டும். அடியில் சேறு, முள் கூடாது. இழுப்பு கூடாது. புதுச்சேரியில் ஸ்கூபா சொல்லிக்கொடுப்பவர்கள், பத்து வயது ஆகட்டும், படகில் கூட்டிப்போய்க் கடலில் இறக்குகிறோம் என்றார்கள். கோட்டக்குப்பம் கடலில் அலை நிற்பதில்லை. கல்குவாரியில் கரையை விட்டால் பாதாளம். ஏரிப் பேச்சையே அவர் எடுக்கவில்லை. ஒரு நீச்சல் குளத்துக்குப் போனோம். வாட்ச்மேன் சிலிண்டரைப் பார்த்து வெலவெலத்து, “உள்ள யாரு சார்?” என்றான்.

கடைசியில் கெடாரில் கிருஷ்ணசாமியின் கிணறு. போர் போட்டபிறகு சும்மா கிடந்தது. அடிவரைக்கும் கல்படி. சித்திரை வெயிலில் தண்ணீர் வற்றி அந்தப் பெண்ணின் மார்பளவு நின்றது. ஆனால் கிருஷ்ணசாமி கையெடுத்துக் கும்பிட்டார்.

“பாய், நீங்க தங்கமான மனுசன். ஆனா நீங்க எறங்குனீங்கன்னு தெரிஞ்சா அப்பறம் இந்தத் தண்ணிய மாடு கூட மோந்து பாக்காது.”

“சிலிண்டரு யாரு கண்ணுலயும் படாம எடுத்தாறேன். மல்லாட்ட மூட்ட மாதிரி கட்டிக்கினு.”

அதுதான் தப்பாகப் போனது. வேர்க்கடலை மூட்டை கொல்லையிலிருந்து வண்டிக்குப் போகும். வண்டியிலிருந்து கிணற்றுக்குள் போவதை யார் பார்த்திருக்கிறார்கள்? களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்தாள். நான் பார்த்தேன், பெரிதாக நினைக்கவில்லை.

உள்ளே பாய் மகளுக்குக் கண்ணாடி மாட்டி, வாயில் குழாயை வைத்தார். “மூச்ச அடக்கவே கூடாது. இழுத்து வுட்டுக்கினே இருக்கணும். பயமா இருந்தா எழுந்து நின்னுடு, தல மேல வந்துடும்.”

முஹ்சினா அவர் கையைப் பிடித்தபடி குனிந்தாள். முகம் உள்ளே போனது. குமிழி வந்தது. மறுபடி வந்தது. எழுந்து குழாயை எடுத்துவிட்டு, “அத்தா, நான் மூச்சு வுடற சத்தம் எனக்கே கேக்குது!” என்றாள். மறுபடி அவளாகவே குனிந்தாள். பாய் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அப்போதுதான் மேலே கூச்சல். பாதி ஊர் வந்துவிட்டது.

“மூட்டையப் பிரிச்சுக் காட்டுய்யா!” என்றார்கள். படியில் கிடந்த சாக்கை உதறிக் காட்டினேன்.

“சாக்கு காலி. அப்ப உள்ளதான் போட்டிருக்கான்” என்றான் ஒருத்தன். இப்படிப்பட்டவனிடம் என்ன பேசுவது?

கூட்டத்தைப் பிளந்துகொண்டு லூர்துமேரி வந்தாள், களைக்கொத்தும் கையுமாக. அவள் மகன் சேரன் கரும்பு வெட்டப் போனவன். பொங்கலில் இருந்து போன் இல்லை, தகவல் இல்லை.

“பாயி! எம்புள்ளையா? சொல்லு பாயி!”

அந்த அலறலில் முஹ்சினா துள்ளி எழுந்தாள்.

“யக்கா, இங்க ஒண்ணுமில்ல. எம்பொண்ணுக்குத் தண்ணி பயம், அதுக்குத்தான் வந்தேன்.”

“பொய் சொல்லாத பாயி. பொணம் இல்லாத எடத்துல உனுக்கு என்னா வேல?”

அவள் படியில் இறங்கி வந்தாள். கால் பட்டுத் தண்ணீர் கலங்கியிருந்தது, அடி தெரியவில்லை. பாய் அவளைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு மகளைத் தூக்கிப் படியில் என் பக்கத்தில் விட்டார். சிலிண்டரை மாட்டிக்கொண்டு கலங்கல் தண்ணீரில் குப்புறப் படுத்தார். இரண்டு கையையும் விரித்து, ஒரு மூலை விடாமல் அடியைத் தடவிக்கொண்டே போனார்.

முஹ்சினா என் கையைப் பிடித்து இழுத்தாள். “மாமா, அத்தா யாரத் தேடறாங்க?”

“யாரையும் இல்லம்மா.”

“அண்ணனையும் ஏரியில எல்லாரும் இப்டித்தான் தேடுனாங்க.”

பாய் எழுந்து வெறுங்கையைக் காட்டினார். “சேரன் இங்க இல்ல யக்கா.”

“அப்ப எங்க பாயி?” என்றாள் லூர்துமேரி.

முஹ்சினா கண்ணாடியைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு மேலே ஏறிப் போனாள். பாய் கூப்பிட்டார். திரும்பவில்லை.

போன வாரம் அவரைக் கூட்டேரிப்பட்டு டீக்கடையில் பார்த்தேன். ஊரில் பேசிக்கொள்வதை, சட்டை நிறத்தைக்கூட விடாமல் சொன்னேன். அவர் கிளாஸை வைத்தார்.

“கெணத்துல பொணமும் இல்ல, நான் எந்த வேலையும் பழக்கல. எம்பொண்ணு தண்ணிக்குள்ள மூச்சு வுட்டா. அவ கண்ணு முன்னாலயே பொணம் தேடி நான்தான் அதக் கெடுத்தேன். இப்ப தண்ணிய வுட என்னப் பாத்தாதான் அவளுக்குப் பயம். பேசறதுன்னா இதப் பேசச் சொல்லுங்க.”