வலது பின்சிறகு

புளியங்குளம் சந்திக்குத் தெற்கே, ஏ9 வீதியோரத்தில் இருக்கிறது சிவராசாவின் வாகனம் கழுவும் இடம். கமலாசனி அங்கே பதினொரு வருடமாக பஸ் கழுவுகிறாள். எண்ணெய், சேறு, சீற்றுக்கடியில் யாரோ எடுத்த வாந்தி, எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் கழுவுவாள். மார்கழி பிறந்து வண்ணத்துப்பூச்சிகள் கூட்டங்கூட்டமாக வீதியைக் கடக்கத் தொடங்கினால் மட்டும் அவளுக்குக் குமட்டும். பஸ்ஸின் முன்வலையைக் கழற்றினால் ரேடியேற்றர் முழுக்கப் பூச்சிக் கூழ். மஞ்சளாக ஒட்டும். சூட்டில் வெந்து, கருவாடு ஊறிய தண்ணீர்போல நாறும். அன்று வீட்டில் சோறு இறங்காது.

ஆனாலும் அரிசியில் கல் பொறுக்கினால் கறுப்புக் கல்லையும் வெள்ளைக் கல்லையும் வேறுவேறாக வைக்கிற பிறவி அவள். கூழுக்குள் முழுசாகக் கிடந்த செம்மஞ்சள் சிறகுகளைப் பார்த்தபோது கை சும்மா இருக்கவில்லை. ஒன்றுபோல் இருப்பவை ஒன்றல்ல என்று இரண்டாம் வருடமே கண்டுபிடித்தாள். எருக்கலைச் செடியில் முட்டையிடும் இனத்துக்குப் பின்சிறகின் நடுவில் மூன்று கறுப்புப் பொட்டு, ஆணென்றால் நாலு. மற்றது அதன் வேஷம் போட்டுத் திரிவது. அதற்கு நடுவில் ஒன்றுமில்லை. மேல்விளிம்பில் ஒரேயொரு பொட்டு.

இந்த வருடம், வீதியில் அடிபடும் வண்ணத்துப்பூச்சிகளைக் கணக்கெடுக்கும் குழுவிலிருந்து நிறஞ்சனா என்ற ஆய்வு மாணவி வந்து, ஆறு கிழமைக்குச் சிறகுகளைச் சேர்த்துத் தரச் சொன்னாள். கமலாசனி பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் கூழைத் தட்டி, வலது பின்சிறகுகளை மட்டும் எடுத்துக் காயவைத்து, இனம் பிரித்து இரண்டு பைகளில் போட்டு எண்ணினாள். இடதையும் எண்ணினால் ஒரு பூச்சி இரண்டாகிவிடும் அல்லவா? நடுவில் பொட்டுள்ளவை இருநூற்றுப் பதின்மூன்று. ஒற்றைப் பொட்டு ஒன்பது.

"இந்த நாத்தத்துக்க ஒன்பதைத் தேடி என்ன பட்டம் வாங்கப்போறாய், பிள்ளை?" என்று சிவராசா சிரித்தார்.

"ஒருக்காக் கையை வைச்சுப் பாத்திட்டுப் பகிடி விடுங்கோ, அண்ணை."

கடைசி நாள் நிறஞ்சனா படிவத்தோடு வந்தாள். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தூர நின்றே இரண்டு பைகளையும் பார்த்தாள்.

"அக்கா, இதில செம்மஞ்சளுக்கு ஒரு வரிதான் இருக்கு. மற்ற இடங்களில ஒருத்தரும் பிரிக்கேல்லை. இருநூற்று இருபத்திரண்டு எண்டு போடுவம். ஒன்பதுதானே, ஆர் பாக்கப்போகினம்?"

காலையிலிருந்து வராத ஓங்காளம் கமலாசனிக்கு அப்போது வந்தது. கூழ் நாறுவது அதன் குணம். படித்த பிள்ளையின் வாயிலிருந்து வரும் இந்த நாற்றத்தை எந்தத் தண்ணீரால் கழுவுவது?

"அப்ப மற்ற இடங்களில என்னத்தை எண்ணினவை, மிஸ்? நிறத்தையோ, பூச்சியையோ?"

"கோவிக்காதேங்கோ அக்கா. கீழ கையெழுத்தை மட்டும் வையுங்கோ."

"ஏலாது. எண்ணினவர் எண்டு என்ர பேர் கிடக்கு. பொய்க்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

நிறஞ்சனா படிவத்தை மடித்துக்கொண்டு தன் ஸ்கூட்டரடிக்குப் போனாள். அந்த நேரம் வவுனியா பஸ் ஒன்று உள்ளே வந்து நின்றது. கமலாசனி குந்தியிருந்து வலையைக் கழற்றினாள். நாற்றம் சூட்டோடு முகத்தில் அடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விரலை விட்டாள். வலது பின்சிறகு ஒன்று வந்தது. வழித்துப் பார்த்தவள், எழுந்து போய் அதை நிறஞ்சனாவிடம் நீட்டினாள்.

"பிடியுங்கோ. நீங்களே எண்ணுங்கோ."

நிறஞ்சனா ஓரடி பின்வாங்கினாள். சிறகிலிருந்து மஞ்சள் வடிந்தது. கமலாசனி நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் கைக்குட்டை மூக்கைவிட்டு இறங்கியது. முகம் கோண, இரண்டு விரலால் சிறகை வாங்கி வெயிலுக்குப் பிடித்தாள் நிறஞ்சனா. நடுவில் தேடினாள். ஒன்றுமில்லை. மேல்விளிம்பில் ஒன்று.

"நான் இதை ஒருநாளும் கையில எடுத்துப் பாக்கேல்லை, அக்கா."

"தெரியுது."

நிறஞ்சனா படிவத்தை விரித்து செம்மஞ்சள் வரியை நடுவே கோடு கிழித்து இரண்டாக்கினாள். மேலே இருநூற்றுப் பதின்மூன்றை எழுதத் தொடங்கியபோது கமலாசனி பேனையைத் தடுத்தாள்.

"பொறுங்கோ மிஸ். இந்த பஸ் இன்னும் முடியேல்லை. மற்றப் பிரஷ் அந்த வாளிக்க கிடக்கு, எடுத்துக்கொண்டு வாங்கோ."