கற்பூரத் தட்டோடு ஒரு சுற்று

வீரசிங்கம் ஐயாவின் வாயில் காலையில் ஏறும் சுருட்டு, மாலையில் வேலை முடிந்த பிறகுதான் இறங்கும். அதில் ஒருநாளும் நெருப்பு இருந்ததில்லை. ஒரு முனை மென்று மென்று நாராகியிருக்கும், மறு முனை கடையில் வாங்கியபடியே இருக்கும். நெருப்பு வைக்கக் கூடாத இடத்தில் சுருட்டு எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"பிள்ளை, யாழ்ப்பாணத்தான்ட வாயில சுருட்டு இல்லாட்டி அவன் சொல்லுறதை ஒருத்தரும் நம்ப மாட்டினம்" என்றார்.

மலேசியாவின் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு சால்வன்ட் கிடங்குக்கு அவர் மேற்பார்வையாளர். அங்கே நான் டைப்பிஸ்ட், பெயர் சந்திரகலா. டிரம்களில் கப்பலில் வந்து இறங்கும் அந்தக் கரைப்பான் எண்ணெயை லோரியில் ஏற்றி ஈப்போ பக்கத்துத் தொழிற்சாலைக்கு அனுப்புவது எங்கள் வேலை. வெள்ளீயம் எடுத்த பிறகு மிஞ்சும் கறுப்பு மணலுக்கு அமாங் என்று பெயர். அதை அமிலத்தில் கரைத்து, எங்கள் சால்வன்டையும் மண்ணெண்ணெயையும் ஊற்றிக் கலக்கினால், வேண்டிய உலோகம் மட்டும் எண்ணெயோடு மேலே மிதந்து வந்துவிடுமாம். ஏதோ அரிய உலோகம். கலர் டிவியில் சிவப்பு நிறம் அதனால்தான் வருகிறது என்று ஐயா எனக்குச் சொன்னார். அதையே அவர் மனைவி குணபூசணி கோலாலம்பூரில் அவர்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் முழுக்கச் சொல்லிவிட்டார். டிவியில் எந்த நடிகை சிவப்புச் சேலை கட்டி வந்தாலும் அக்கம்பக்கத்தார் ஐயாவுக்கு நன்றி சொன்னார்கள்.

ஆனால் அதே குணபூசணி அக்கா, ஐயாவை வீட்டுச் சாமியறைக்குள் மட்டும் விடமாட்டார். எத்தனை தரம் சோப்புப் போட்டுக் குளித்தாலும் மண்ணெண்ணெய் நாற்றம் போகவில்லையாம். கிடங்கு வேலைக்கு வந்த ஆறு வருஷமாக மனிதர் வாசற்படிக்கு வெளியே நின்றுதான் கும்பிட்டார். மூன்று வேளையும் திருநீறு பூசுகிற சைவருக்கு இது பெரிய வலி. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார், எங்களிடம் எரிந்து விழுவார்.

நெருப்பென்றால் அவருக்கு அப்படியொரு பயம். முன்பு ரயில்வேயில் சரக்குப் பிரிவில் இருந்தபோது, யாரோ வீசிய பீடியில் ஒரு வேகன் மண்ணெண்ணெய் எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை, ஐயாவின் புருவம்தான் போயிற்று. ஒன்று முழுதாக வளர்ந்தது, மற்றது பாதியோடு நின்றுவிட்டது. கோபம் வந்தால் அந்தப் பாதிப் புருவம் மேலே ஏறும். அது ஏறினால் போர்க்லிப்ட் ஓட்டுகிறவன்கூட எஞ்சினை நிறுத்திவிடுவான். சீன முதலாளி லோ தன் ஆபீஸ் அறையில் ஊதுபத்தி ஏற்றியபோதும் அது ஏறியது. அன்றோடு அவருடைய சாமிக்கும் ஊதுபத்தி நின்றது.

பக்கிரிசாமியை முதலாளியிடம் சிபாரிசு செய்தது ஐயாதான். போர்ட் கிள்ளானிலேயே பீடி சிகரெட் குடிக்காத லோரிக்காரன் அவன் ஒருவன்தான் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அதுவரை அடுத்தவன் லோரியை ஓட்டிக்கொண்டிருந்தவன், அப்போதுதான் சொந்த லோரி எடுத்திருந்தான். முதல் லோட் எங்கள் சால்வன்ட். அது சரியாகப் போய்ச் சேர்ந்தால் நிரந்தர வேலை. சேராவிட்டால், முதலாளியின் மைத்துனனுக்கு லோரிகள் இருந்தன. அவன் வாரத்துக்கு இரண்டு தரம் வந்து, தேநீர் குடித்து, வேலை கேட்டுவிட்டுப் போவான்.

"நான் குடுத்த வாக்கு தம்பி. கெடுத்துப்போடாதையும்" என்றார் ஐயா.

"கெடுப்பேனா ஐயா? ஒண்ணே ஒண்ணுதான். புது வண்டி, கற்பூரம் காட்டாம ஒரு சுத்துகூட சக்கரம் உருளாது. போன முதலாளி கஞ்சன், காட்டல. தஞ்சோங் மாலிம் கிட்ட வண்டி குப்புற விழுந்துச்சு. நான் எப்படி உயிரோட வந்தேன்னே தெரியல."

 அது வெறும் சம்பிரதாயப் பேச்சில்லை என்று எனக்கே தெரிந்தது. ஐயாவும் யோசித்தார். கடைசியில், வெறும் லோரிக்கு, கேட்டுக்கு வெளியே, சாலை ஓரத்தில் காட்டிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தார். திங்கட்கிழமை ராகு காலம் ஒன்பதுக்கு முடியும். ஒன்பதுக்குப் பூசை, பிறகு லோட். இதைவிட ஒழுங்காக யாராலும் ஏற்பாடு செய்திருக்க முடியாது.

கெடுத்தது கடிகாரம். அது 1982-ஆம் வருஷத்து முதல் திங்கட்கிழமை. புத்தாண்டன்றுதான் அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னே தள்ளியிருந்தது. ஊரே திருப்பி வைத்துக்கொண்டது. பூசாரி சின்னையா மட்டும் வைக்கவில்லை.

ஒன்பதுக்குப் பூசாரியைக் காணோம். லோரி கேட்டுக்கு வெளியே எலுமிச்சம்பழத்துக்காகக் காத்து நின்றது. ஐயா பின்கட்டில் டிரம் எண்ணிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து முதலாளி காரில் வந்து இறங்கினார். கிள்ளான் பாசாரில் வளர்ந்தவர், நம் ஆட்களோடு பேசும் அளவுக்குத் தமிழ் தெரியும்.

"என்ன லா பக்கிரி, லோரி சும்மா நிக்குது? உள்ள கொண்டு வா, லோட் பண்ணு! ஈப்போ ஸ்டோர் நாலு மணிக்கு மூடிருவான் லா!"

முதல் நாளே முதலாளியிடம் மாட்டேன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? லோரி உள்ளே போனது. டிரம்கள் ஏறின, கயிறும் கட்டியாயிற்று. ஐயா பின்கட்டிலிருந்து வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்போதுதான் சின்னையா தட்டும் தேங்காயுமாகச் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"ஒன்பதரை மணிக்கு வாறீர்!" என்று கத்தினார் ஐயா.

சின்னையா கைக்கடிகாரத்தை நீட்டினார். "என் வாட்ச்ல சரியா ஒன்பது. அரசாங்கம் மணியை மாத்தலாம். ராகு ஒத்துக்கிட்டாரா? நீங்க சொன்ன நேரத்துக்கு வந்திருந்தா நடு ராகு காலத்துல பூசை பண்ணியிருப்போம்."

ஐயாவும் சைவர் அல்லவா, உள்ளுக்குள் அவருக்கும் அது நியாயமாகவே பட்டிருக்கும். ஆனால் பாதிப் புருவம் ஏறிவிட்டது. லோட் ஏறிய லோரிக்குப் பக்கத்தில் தீக்குச்சி ஆகாது. உள்ளேயும் ஆகாது, வெளியேயும் ஆகாது, ஈப்போ போகிற வழியில் எங்குமே ஆகாது.

பக்கிரிசாமி முன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்களை வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்துவிட்டான். "கற்பூரம் இல்லாம எடுக்க மாட்டேன் ஐயா. நீங்க திட்டுங்க, அடிங்க. எனக்குப் பிள்ளைங்க இருக்கு."

"டோர்ச் லைட் காட்டட்டே? தீயணைக்கிற பொம்பாக்காரனே பாத்து எழுதிக் குடுத்த டோர்ச் லைட். நெருப்புப் பொறி வராது."

"டோர்ச் லைட் அடிச்சா சாமி வராது ஐயா, போலீஸ்காரன்தான் வருவான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஐயாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். இவன் எடுக்காவிட்டால் மைத்துனன் வருவான். இவனுக்கு வேலை போகும், ஐயாவின் வாக்கும் போகும். கற்பூரம் காட்ட விட்டால் எதெல்லாம் போகும் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். முதலாளி என் மேசைப் போனை எடுத்து மைத்துனன் நம்பரைச் சுழற்றத் தொடங்கினார். ஐயா உள்ளே ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினார். நான் பார்த்து, அவர் யாரிடமாவது கெஞ்சியது அன்று ஒருநாள்தான்.

அந்த நேரத்தில் ஜன்னல் வழியாக நான் கண்டேன். லோரிக்கு முன்னால் சின்னையா தட்டில் கற்பூரத்தை ஏற்றி, மணியைத் தூக்கிவிட்டார்.

"ஐயா, நெருப்பு!" என்று நான் அலறினேன்.

ஐம்பத்தைந்து வயது மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. பூசாரியின் கையிலிருந்து தட்டைப் பறித்தார். பக்கத்திலேயே சிவப்பு வாளியில் மண் தொங்கியது. அதற்காகத்தானே ஆறு வருஷமாக மண்ணை மாற்றி மாற்றி வைத்தார்? அள்ளிக் கொட்டியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் சாமிக்கு ஏற்றிய கற்பூரத்தின்மேல் மண் கொட்ட அவருக்குக் கை வரவில்லை. வாயால் ஊதி அணைக்கவும் மனம் வரவில்லை. தட்டோடு கேட்டைத் தாண்டி ஓடினார்.

கேட்டுக்கு வெளியே பெட்ரோல் டேங்கர் ஒன்று உள்ளே வரக் காத்து நின்றது. ஐயா "ஐயோ" என்று இடப்பக்கம் திரும்பினார். அங்கே பெயின்ட் கிடங்கு. பின்சந்தில் திரும்பினால் கேஸ் சிலிண்டர் கடை. அதுவரை அந்த வட்டாரத்தில் இத்தனை எரியும் சாமான் இருப்பது எங்களுக்கே தெரியாது. நாங்கள் எல்லாரும் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, அவர் போகிற பக்கமெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தோம்.

ஓட்டத்தைவிடப் பெரிய தொல்லை பக்தர்கள். நெற்றி நிறையத் திருநீறும் கையில் எரியும் தட்டுமாக ஒருவர் வந்தால், தமிழன் என்ன செய்வான்? கும்பிட்டு, கையை நீட்டி, கண்ணில் ஒற்றிக்கொள்வான். சிலிண்டர் கடையில் மூன்று பேர் மறித்தார்கள். கை நீட்டியவனுக்கு இல்லையென்று தீபத்தை எப்படி இழுத்துக்கொள்வது? ஐயா நின்றார், காட்டினார், ஓடினார். வேலியின் மறுபக்கம் இராஜம்மா தேநீர்க் கடை. அந்த அம்மா கல்லாவிலிருந்து கை நிறையக் கற்பூரம் எடுத்துவந்து, "அணையப் போகுதுங்க, நல்லா எரியட்டும்" என்று தட்டில் கொட்டிவிட்டார். அணையப் போன தீ முகம்வரை எழுந்தது. ஐயா வாய்விட்டுத் திட்ட முடியாது, வாயில் சுருட்டு.

அவர் சுற்றி முடித்துக் கேட்டுக்குத் திரும்பி வந்தபோது டேங்கர் போய்விட்டிருந்தது. கற்பூரமும் தானாக அணைந்திருந்தது. வேட்டியில் புழுதி, முழுப் புருவமும் கருகிப் பாதியாகிவிட்டது. இப்போது இரண்டும் ஒரே அளவு. ஒரு கால் உள்ளே வைத்தவர் சட்டென்று நின்றார்.

"பிள்ளை, ஏதோ புகை மணக்குது."

"உங்க சுருட்டுதான் ஐயா. பத்திக்கிச்சு."

அவர் மெதுவாகக் காலைப் பின்னால் எடுத்து, கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். அவர் போட்ட சட்டம், நெருப்போடு யாரும் உள்ளே வரக் கூடாது. சுருட்டை எறிந்திருக்கலாம். எறியவில்லை. ஆறு வருஷத்துக்குப் பிறகு ஒரு இழுப்பு இழுத்து, கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

தட்டைப் பறித்தபோதே சால்வன்ட் நெடி மூக்கில் ஏறியிருக்க வேண்டும், பிறகு அங்கிருந்தே கத்தினார். "பக்கிரிசாமி! முன் வரிசை டிரம் மூடியெல்லாம் தொட்டுப் பாரும்!"

பக்கிரிசாமி மேலே ஏறினான். முன் வரிசையில் ஒரு மூடி சரியாக இறுகாமல் இருந்தது. அதிலிருந்து சால்வன்ட் மெல்லியதாகக் கசிந்து, பலகை வழியே வழிந்து, முன் சக்கரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே எலுமிச்சம்பழம் நனைந்து பளபளத்தது. அதற்கு ஒரு கை தூரத்தில்தான் சின்னையா தட்டைத் தூக்கியிருந்தார்.

பக்கிரிசாமி மூடியை இறுக்கினான், துடைத்தான், மண் கொட்டினான், பழத்தை மாற்றினான். பிறகு நேராகக் கேட்டுக்கு ஓடிவந்து ஐயாவின் காலில் விழப் போனான்.

"தள்ளி நில்லும்! உம்மட கையெல்லாம் எண்ணெய், என்ட வாயில நெருப்பு!"

பக்கிரிசாமி அப்படியே சாலையின் அந்தப் பக்கம் போய், அங்கிருந்து விழுந்து கும்பிட்டான். எழுந்தபோது அழுதுகொண்டிருந்தான். "சுத்திட்டீங்க ஐயா. வண்டி, கிடங்கு, எல்லாத்தையும் சேர்த்து ஒரு முழுச் சுத்து. எந்த வண்டிக்கு இப்படிக் காட்டியிருக்காங்க? நான் எடுக்கிறேன்."

முதலாளி போனைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்திருந்தார். "வீரா, ரொம்ப நல்லா ஓடுற லா. அடுத்த லோரிக்கும் ஓடு" என்றார்.

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு எந்தப் புது லோரி வந்தாலும், லோரிக்காரர்கள் வேறு பூசாரியை ஏற்கவில்லை. ஐயா ஓய்வு பெறும்வரை, முட்டிவலித் தைலம் பூசிக்கொண்டு வேலிக்கு வெளியே தட்டோடு சுற்றினார். டேங்கர், பெயின்ட், சிலிண்டர் எதுவும் இல்லாத பாதை ஒன்றை முன்கூட்டியே பார்த்துவைத்து, நடந்துதான்.

அந்த முதல் லோட் போன அன்று ஐயா என் மேசைப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை. மூன்றரைக்குப் பக்கிரிசாமியின் குரல் வந்தது. "எல்லா டிரம்மும் எறக்கியாச்சு ஐயா. ஒரு சொட்டு சிந்தல." ஐயா போனை வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினார். தடிமன் என்றார்.

மிச்சத்தைக் குணபூசணி அக்கா பின்னால் என் கல்யாணத்தில் சொன்னார். அன்று மாலை ஐயா பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்து, வழக்கம்போல நேரே பின்கட்டுக் குழாயடிக்குப் போனாராம். அக்கா வழியிலேயே மறித்து முகர்ந்து பார்த்தாராம்.

"இஞ்சாருங்கோ, கோயிலுக்கோ போட்டு வாறியள்? கற்பூரம் மணக்குது. சுருட்டும் மணக்குது."

"வேலைக்குத்தான்."

"பொய். இது நான் கலியாணம் கட்டி வந்த நாளில உங்களிட்ட இருந்த மணம்" என்று சொல்லி, அக்கா கையைப் பிடித்துச் சாமியறைக்குள் கூட்டிப்போய், தீப்பெட்டியை எடுத்து நீட்டினாராம். ஆறு வருஷத்துக்குப் பிறகு உங்கள் கையால் விளக்கேற்றுங்கள் என்று.

ஐயா தீப்பெட்டியை வாங்கிக்கொண்டார். திரும்பி அடுப்படியை எட்டிப் பார்த்தார்.

"முதல்ல அந்த மண்ணெண்ணெய் அடுப்பைத் தூக்கி வெளியில வையும்" என்றாராம்.