பசறை வீதியில் நான்கு முறை நின்ற கார்

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரரின் புதுக் கார் பதுளை பஸ் நிலையத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. ஸ்டார்ட் ஆகிறது... இரண்டு நிமிடம் ஓடுகிறது... நிற்கிறது. மெக்கானிக் வந்தார். பொனட்டைக்கூடத் திறக்கவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகி, கையிலிருந்த சின்னத் திரையைப் பார்த்து, "சென்சர்" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. ஒரு வியாதியை இவ்வளவு சீக்கிரமாகவா கண்டுபிடிப்பது?

இதே வியாதி என் காருக்கும் வந்ததுண்டு — பத்து வருடத்துக்கு முன்பு. என்னைவிட இரண்டு வயது மூத்த கார். என்னைப் போலவே காலையில் இருமும்.

அப்போது பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கணக்குப் படிப்பித்தவர் சிவபாலன் மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர். இரண்டு வருடத்துக்கென்று மாற்றலாகி வந்து, பதினொரு வருடம் இருந்தார். தினமும் பின்னேரம் என்னோடு ஒரு பிளேன்டீ, ஒரு சண்டை. மனைவியும் பிள்ளைகளும் முன்னரே கனடா போயிருந்தார்கள். கடைசியில் அவருக்கும் விசா வந்தது.

பதுளையில் காலை ரயிலைப் பிடித்தால்தான் அன்றிரவு விமானம். "பஸ்ஸில போறன் ஐசே" என்றார். அவருக்கு நான் எப்போதும் 'ஐசே'தான். என் கார் இருக்கும்போது பஸ்ஸா? விடுவேனா நான்?

முதல் ஏற்றத்திலேயே நின்றது. பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். ஸ்டார்ட் ஆனது. "பார்த்தீங்களா மாஸ்டர்?" என்றேன். இரண்டு மைல் போய் மறுபடி நின்றது. பொயின்ட்டைத் தேய்த்தேன். ஓடியது. நான் கை வைக்காமல் பத்து நிமிடம் சும்மா நின்றிருந்தாலும் ஓடியிருக்கும் என்பது அப்போது தெரியாது.

மூன்றாவது முறை காபரேட்டரை வாயால் ஊதினேன். மாஸ்டர் சூட்கேஸின் மேல் உட்கார்ந்து எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐசே, எட்டாம் வகுப்புக்குப் பின்னம் முடிக்கேல்லை. நீர் பாத்துக்கொள்ளும்."

"எனக்கே பின்னம் வராதே மாஸ்டர்."

"தெரியும். அதுதான் கவலை."

கொழுந்து லொறி ஒன்று வந்து நின்றது. டிரைவர் இறங்கினார். "என்னாங்க சேர், நின்னுருச்சா?"

பிளக், பொயின்ட், காபரேட்டர் என்று என் வைத்தியம் முழுவதையும் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஓடுது, நிக்குது, கொஞ்சம் ஆறவிட்டா மறுபடி ஓடுது. அப்படித்தானுங்களே?"

"ஆமாங்க."

அவர் காரின் பின்பக்கம் போய்ப் பெற்றோல் மூடியைத் திருகினார். 'உஸ்ஸ்...' என்று ஒரு நீண்ட பெருமூச்சு. மூடியின் உள்பக்கம் ஒட்டிக்கிடந்த பொலிதீன் பையை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

"இத யாரு வச்சது?"

"மழைத் தண்ணி எறங்கக்கூடாதுன்னு... நான்தான்."

"மூடியில சின்ன ஓட்டை இருக்குல்ல சேர்? காத்து உள்ள போனாத்தான் பெற்றோல் வெளிய வரும். மூக்கப் பொத்திக்கிட்டு மலை ஏறுன்னா எப்படிங்க ஏறும்?"

பழுதைத் தேடும் மனிதன் எல்லா இடத்திலும் தேடுவான் — தான் கை வைத்த இடத்தைத் தவிர.

மாஸ்டர் சிரித்தார். அந்த வாரத்தில் முதல் தடவை. "உண்மையைச் சொல்லும். என்னைப் போக விடாமல் மறிக்கத்தானே உந்தப் பையை வைச்சனீர்?"

சத்தியமாக இல்லை. அது சுத்தமான மடத்தனம்.

பிறகு கார் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! இருமல் இல்லை, உதறல் இல்லை. பள்ளத்தில் பதுளை தெரிந்தது. வீதியோரத்தில் நின்றபோது எவ்வளவோ பேசியவர்கள், ஓடும் காரில் ஊமையாகிவிட்டோம். "டிக்கெட் இருக்குதானே?" என்றேன். "ஓம்" என்றார். பதினொரு வருடத்துக்கு அவ்வளவுதான் மிச்சமா?

ஸ்டேஷனுக்கு ஒரு வளைவுதான் பாக்கி. ரயிலுக்கு இன்னும் இருபது நிமிடம். காரை ஓரங்கட்டினேன். எஞ்சின் அடங்கியது.

"நின்னுருச்சு மாஸ்டர்" என்றேன்.

அவர் சாவியைப் பார்த்தார். அதன் மேல் இன்னும் இருந்த என் கையைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தையும் பார்த்துவிட்டு, சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"ஓம், நிண்டிட்டுது. கொஞ்ச நேரம் ஆறட்டும் ஐசே."