பள்ளிவாசல் திரைக்கு அந்தப் பக்கம்

புயலடித்த மூன்றாம் நாள், எங்கள் மிஷன் ஆஸ்பத்திரி அனுப்பிய பால் பவுடரும் துணி மூட்டைகளும் அறந்தாங்கியோடு நின்றுவிட்டன. அதற்குமேல் சாலையைக் கடல்தண்ணீர் அறுத்துப் போட்டிருந்தது. பட்டாளத்து லாரி மட்டும் எப்படியோ போய்வந்தது. எங்கள் மதர் சுப்பீரியர் அங்கிருந்த பட்டாள அதிகாரியிடம் போய்க் கேட்டார். "லாரி தருகிறேன். ஊசி போட ஒரு நர்ஸ் தாருங்கள்" என்றார் அவர். மூட்டைகளோடு நானும் ஏறினேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது.

கடற்கரை ஊரில் உயிர் தப்பியவர்கள் பள்ளிவாசலில் ஒண்டியிருந்தார்கள். ஆண்கள் காலராத் தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். பெண்கள் மிலிட்டரி உடுப்பைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்கள். கூட வந்த வடக்கத்திச் சீக்கியச் சிப்பாய் நாலு சேலைகளை வாங்கித் திரை கட்டினார். திரைக்கு வெளியே, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஸ்டவ்வில் ஊசிகளைக் கொதிக்கவைத்து, தலைக்குப் பின்னால் கையை நீட்டித் தட்டைத் தந்துகொண்டே இருந்தார். சாயங்காலம் வரை ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

உள்ளே பிரசவித்து எட்டு நாளான ஒரு பெண் இருந்தாள். அதிர்ச்சியில் பால் வற்றி, குழந்தை அழக்கூட முடியாமல் முனகியது. பால் பவுடர் இருந்தது. கிணறெல்லாம் உப்பாகிவிட்டதால் குடிக்க நல்ல தண்ணீர் இல்லை; ஊசிகள் கொதித்ததும் உப்புத் தண்ணீரில்தான். எனக்குத் தெரிந்த இந்தியில் சிப்பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். தன் தண்ணீர்க் குப்பியைக் கழற்றி, மிச்சமிருந்ததை முழுக்க அடுப்பிலிருந்த பாத்திரத்தில் ஊற்றினார் அவர். குழந்தை குடித்துவிட்டுத் தூங்கிய பிறகுதான் அந்தப் பெண் வாய் திறந்தாள்.

"அந்த அண்ணனுக்குப் புள்ளைக இருக்கான்னு கேளுங்க நர்ஸம்மா."

கேட்டேன். மகள் பிறந்து நாலு மாதமாம். இன்னும் பார்க்கவில்லையாம்.

அவள் குழந்தையை என்னிடம் கொடுத்து, "அவரு கையில குடுங்க" என்றாள். அவர் சட்டையிலேயே கையைத் துடைத்துத் துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வாங்கினார். கண்ணீர் தாடிக்குள் இறங்கியது.

பதினோரு நாள் அங்கே இருந்தோம். ஒருவருக்கும் காலரா வரவில்லை. கிளம்பும்போது, தனக்குத் தெரிந்த தமிழில் அவர், "போறேன்" என்றார்.

திரை விலகியது; குழந்தையோடு அந்தப் பெண் நின்றாள். "அப்படிச் சொல்லப்படாதுண்ணே. போயிட்டு வாரேன்னு சொல்லுங்க."

இரண்டு முறை தப்பாகச் சொல்லி, மூன்றாவது முறை சரியாகச் சொன்னார்.