பெட்டியில் இருந்தவளின் பெயர்

சேரிட்டி பின்னக் நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை இறந்தாள். நெஞ்சுச்சளி. மகன் அஸ்பரி மரம் அறுக்கும் ஆலையில் பல்சக்கரம் பொருத்துகிறவன். செய்தி வந்தபோது ஒரு சக்கரத்தை அச்சில் ஏற்றிக்கொண்டிருந்தான். ஏற்றி முடித்தான், ஆட்டம் இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தான், கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

சவப்பெட்டியையும் அவனே செய்தான். பைன் பலகை. மூலைகள் இடைவெளி இல்லாமல் சேர்ந்தன. அழுகை வரவில்லை. வரும் என்று காத்திருக்கவும் இல்லை.

சேரிட்டி பின்னக் அவளுடைய சொந்தப் பெயர் அல்ல. மேரிலாந்தில் பிராக்டன் தோட்டத்தில் அடிமையாக இருந்தபோது அவள் பெயர் மின்ட்டா. இருபது வயதில் ரோடி என்ற தோழியோடு தப்பி, சஸ்குவஹானா ஆற்றைக் கடந்து, அடிமை முறை இல்லாத இந்த லங்காஸ்டர் கரைக்கு வந்தாள். கரையில் முதலில் கண்ணில் பட்ட கடைப்பலகையில் பின்னக் என்று இருந்தது. ரோடி படிக்கத் தெரிந்தவள், வாசித்துச் சொன்னாள். "கடைக்காரன் பேரை எடுத்துக்கிட்டேன். அவன் கேக்கல, நானும் சொல்லல" என்று பின்னாளில் சிரிப்பாள்.

ஆற்றில் மரக்கட்டைத் தெப்பம் ஓட்டுகிறவர்களின் துணிகளைத் துவைத்துப் பிழைத்தாள். கதவுக்கு முதுகு காட்டி ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. ஊருக்கெல்லாம் பெருமையான, அக்கரைக்குப் போகும் அந்தப் பெரிய பாலத்தில் கால் வைத்ததில்லை. அஸ்பரிக்கு மீசை முளைக்கிறவரை காலணியோடுதான் படுத்தாள். கணவன் தெப்பத்திலிருந்து விழுந்து இறந்தபோது ஒரு வாரம் துவைக்கவில்லை. பிறகு மறுபடி துவைத்தாள்.

தினமும் காலையில் மகனுக்கு முகம் கழுவிவிடும்போது தன்னைக் காட்டிக் கேள்வி கேட்பாள்.

"இந்தப் பொம்பள யாரு?"

"சேரிட்டி பின்னக்."

"எந்த மண்ணு?"

"லங்காஸ்டர்."

தயங்கினால் காதைத் திருகுவாள். "யோசிச்சு சொல்லாதடா. யோசிச்சா மூஞ்சில தெரியும்." தூங்குகிறவனை எழுப்பியும் கேட்பாள். தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை, இந்தக் கரையில் பிறந்திருந்தாலும் சரி. அதனால் அவள் பெயர் வெளியே தெரிந்தால் போவது அவள் மட்டுமல்ல.

அவள் சாவதற்கு முந்தைய செப்டம்பரில் தலைநகரில் ஒரு சமரசம் முடிந்தது. கலிஃபோர்னியாவில் அடிமை கூடாது, தலைநகரில் அடிமைச் சந்தை கூடாது. அதற்கு ஈடாகத் தெற்கத்திக்காரர்களுக்கு ஒரு சட்டம். இவன் தப்பி வந்த அடிமை என்று ஒரு வெள்ளைக்காரன் சத்தியம் செய்து கைகாட்டினால் போதும், கைகாட்டப்பட்டவன் தன் வழக்கில் வாய் திறக்கக் கூடாது. குன்றின் மேல் இருந்த கறுப்பர் தெருவில் பாதி வீடுகள் காலியாயின. எல்லாரும் கனடாவுக்கு. அஸ்பரி போகவில்லை. படுத்திருந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

"சமரசமாம். ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி விட்டுக்குடுத்தாங்களாம்" என்றாள் ரோடி, படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து. "நறுக்குனது என்னமோ நம்மளத்தான்."

மூச்சு இழுத்துக்கொண்டிருந்தவள் அதற்கும் சிரித்தாள். பிறகு மகனைப் பார்த்து, "சர்ச்சுல என் பேரைச் சொல்லு" என்றாள். அதுதான் அவள் கேட்ட கடைசிக் காரியம்.

அந்தச் சர்ச்சில் ஒரு வழக்கம் இருந்தது. பெட்டியை மூடும் முன் பாஸ்டர் கேட்பார்: இந்தப் பெண் யார், எந்த மண்? பெற்ற பிள்ளை எழுந்து உண்மைப் பெயரையும் பிறந்த இடத்தையும் சொல்ல வேண்டும். வாழ்நாளெல்லாம் ஒளித்த பெயர் அந்த ஒரு தடவை வெளியே வரும். சபை அதைத் திருப்பிச் சொல்லும். இரண்டாம் முறை கேட்பதில்லை. சட்டம் வந்த பிறகு பல குடும்பங்கள் எழுந்து நிற்பதையே விட்டிருந்தன.

பாஸ்டர் டில்மன் வீட்டுக்கு வந்தார். "அஸ்பரி, கண்டவனும் சர்ச்சுக்கு வந்து பின்னால நிக்கிறான் இப்போ, ஆள் பிடிக்கிறவனாக்கூட இருக்கும். பேரை மட்டும் சொல்லு. தோட்டத்தை விட்டுடு. பாதி போதும், ஆண்டவருக்குப் புரியும்."

"நீங்க சுதந்திரமாப் பொறந்தவரு பாஸ்டர். உங்களுக்குப் பாதி போதும்" என்றாள் ரோடி.

"அப்போ நீயே எழுந்து சொல்லேன்."

"நான் அவ பெத்த பிள்ளையா? கூட்டாளி. இல்லேன்னா உங்களக் கேட்டுக்கிட்டா இருப்பேன்?"

அஸ்பரியின் மனைவி லவீனியா அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்: "செத்தவங்களுக்குப் பேரு. இருக்கறவனுக்கு விலங்கா?" அவள் சொன்னதில் தப்பு இல்லை.

சனிக்கிழமை பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருக்கும்போது அஸ்பரி முடிவு செய்தான். அவன் தொழிலில் பாதிப் பொருத்தம் என்று ஒன்று கிடையாது. பல் பாதி கடித்தால் சக்கரம் உடையும்.

"முழுசா சொல்லப் போறேன். மறுநாளே கனடாவுக்குக் கெளம்பிடலாம்" என்றான்.

லவீனியா தரையில் சிதறிய ஆணிகளைப் பொறுக்கி அவன் பக்கம் வைத்தாள். "நீ சொன்னா சரி. குழந்தைங்களுக்குக் கம்பளி வேணும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் நிறைந்திருந்தது. பின்சுவரோரம் அறிமுகமில்லாத இரண்டு வெள்ளைக்காரர்கள் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். அஸ்பரி ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பயம் வந்ததா என்று அவனுக்கே தெரியவில்லை. அதன் பிறகு திரும்பவில்லை. பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது. சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தான். மின்ட்டா. மேரிலாந்து, பிராக்டன் தோட்டம்.

பாஸ்டர் பெட்டிமேல் கை வைத்தார். "இந்தப் பெண் யார்?"

அஸ்பரி எழுந்தான்.

"சேரிட்டி பின்னக்" என்றது அவன் வாய்.

"எந்த மண்?"

"லங்காஸ்டர்."

கொஞ்சமும் தயக்கமில்லை. முகத்தில் எதுவும் தெரியவில்லை. சபை, வழக்கப்படி, "சேரிட்டி பின்னக், லங்காஸ்டர்" என்று திருப்பிச் சொன்னது. பாஸ்டர் மூடியை இழுத்து வைத்தார். ரோடியின் வாய் மட்டும் அசையவில்லை.

புதைத்தார்கள். மண் ஈரமாக இருந்தது, மண்வெட்டியில் ஒட்டியது.

திரும்பி வரும்போது லவீனியா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த ரெண்டு பேரும் ஜெபம் முடியறதுக்குள்ளயே போயிட்டாங்க. கூரை ஓடு விக்கிற ஆளுங்களாம். சர்ச்சுக்கு விலை பேச வந்தாங்களாம்."

"ஓ."

"அவங்க போனத நீ பார்க்கலியா?"

"இல்ல."

இருபதடி நடந்த பிறகு அவள் கேட்டாள்: "அப்போ நாளைக்குக் கெளம்பறது?"

"யாருக்கும் எதுவும் தெரியாதே" என்றான். "இப்பப் போக வேண்டியதில்ல."

அவள் தலையாட்டினாள். அவளுக்கு நிம்மதிதான். அதை மறைக்க முகத்தை ஆற்றுப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சாப்பாடு ரோடியின் வீட்டில். பன்றித்தொடை, சோள ரொட்டி, வேகவைத்த கீரை. ரோடி பெரிய கரண்டியோடு நின்று பரிமாறினாள். வரிசையில் அஸ்பரி முறை வந்தபோது கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"வாய் சொல்லுச்சா, நீ சொன்னியா?"

யோசித்துப் பார்த்தான். சின்ன வயதில் காதைத் திருகிய கை ஞாபகம் வந்தது. பின்சுவரோரம் நின்ற தொப்பிகளும் ஞாபகம் வந்தன. இரண்டில் எது அப்படிச் சொல்ல வைத்தது என்று பிரித்தெடுக்க முடியவில்லை.

"தெரியல அத்தை."

"அவளுக்காவது தெரிஞ்சிருக்கும். நல்லாத்தான் பழக்கி வச்சிட்டுப் போயிருக்கா, பாவி."

"அம்மா பேரை நீங்க ஒரு தடவை சொல்லுங்க. இங்கயே."

"எதுக்கு? கீரைச்சட்டிக்குக் கேக்கவா?" கரண்டியை எடுத்தாள். தட்டில் கீரையை வைத்தாள், அதன்மேல் ரொட்டியை வைத்தாள். "தட்டப் பிடி. நகரு, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

அவன் நகர்ந்தான்.